பிளைவுட் தடுப்புக்குப் பின்னால்!

காலைப் பார்த்து வையுங்கள், தரை முழுக்க ஒயர். இடது பக்கம் சாய்ந்துவிடாதீர்கள். அந்த அடுக்கில் இருப்பதெல்லாம் பழைய மானிட்டர்கள், ஒன்றை அசைத்தால் மொத்தமும் சரிந்து வரும். தலைக்கு நேர் மேலே யுபிஎஸ் பேட்டரி. குனிந்து வாருங்கள்... அவ்வளவுதான், உள்ளே வந்துவிட்டோம்!

பல்லடத்தில், கோவை – திருச்சி நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு கம்ப்யூட்டர் கடை இது. முன்பக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கண்ணாடிக் கதவு, லட்சுமி படம், ஊதுபத்தி, வாடிக்கையாளர் உட்கார இரண்டு நாற்காலி. அதற்குப் பின்னால் ஒரு பிளைவுட் தடுப்பு. 'உள்ளே வர அனுமதி இல்லை' என்று ஸ்கெட்ச் பேனாவில் எழுதி ஒட்டியிருக்கும் அந்தத் தடுப்பைத் தாண்ட எனக்கு ரொம்ப நாளாகவே ஆசை. ஏனென்றால் நாம் புதுக் கம்ப்யூட்டரை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய், சந்தனம் குங்குமம் வைத்து ஆன் செய்வதற்கு முன்பே, அதில் எந்த பிரவுசர் இருக்க வேண்டும், எது போக வேண்டும், எது ஒளிந்துகொள்ள வேண்டும் என்பதெல்லாம் இங்கேதான் முடிவாகிறது. கடைக்கார அண்ணன் இன்றைக்கு ஏதோ நல்ல மூடில் இருந்தார். "வாங்ணா, வந்து பாருங். ஆனா எதையும் தொட்டறாதீங்" என்றார். நான் தொடவில்லை. நீங்களும் தொடாதீர்கள்.

முதல் காட்சி பின்வாசல் சந்தில். முகத்தில் கைக்குட்டை கட்டிய தம்பி ஒருவர், பக்கத் தகட்டைக் கழற்றிய சிபியு ஒன்றின் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து புளோயரை ஆன் செய்கிறார். உள்ளே விசிறி எங்கே என்று தேடினேன். விசிறி தெரியவில்லை, அந்த இடத்தில் உள்ளங்கை அளவுக்கு ஒரு பஞ்சுமெத்தை! காற்று பட்டதும் அது பிய்ந்து சந்து முழுக்கப் பறந்தது. தம்பியின் புருவம், தலைமுடி, எதிர்வீட்டு ஸ்கூட்டி எல்லாம் வெள்ளை.

"இது தறிக்குடோன்ல இருந்து வந்ததுங்ணா" என்றார் தம்பி, தும்மிக்கொண்டே. "பஞ்சு வெள்ளையா வந்தா தறி. கலர் கலரா வந்தா பனியன் கம்பெனி, கட்டிங் டேபிள் பக்கத்துல சிஸ்டத்த வெச்சிருப்பாங்க. தவுட்டு வாசத்தோட தூசி வந்துச்சுன்னா கோழிப்பண்ணை. பில்லப் பாக்க வேண்டியதே இல்லைங்."

இந்த ஊரின் மொத்தப் பொருளாதாரமும் ஒரு சிபியு விசிறியில்! ஒரு பக்கம் விசைத்தறிகள், ஹைடெக் நெசவுப் பூங்கா. இன்னொரு பக்கம் கறிக்கோழி. பண்ணைக் கொள்முதல் விலையை அறிவிக்கும் கறிக்கோழி ஒருங்கிணைப்புக் குழு இருப்பதும் பல்லடத்தில்தான். தும்மலுக்கு நடுவே இத்தனையும் தெரிந்துகொள்ளலாம்.

சரி, முக்கியமான மேடைக்கு வருவோம். உள்ளே மேசை மேல் புத்தம் புது லேப்டாப் ஒன்று, இப்போதுதான் அட்டைப் பெட்டியிலிருந்து வெளியே வந்திருக்கிறது. தறிக்குடோன் முதலாளி ஒருவருக்குச் சாயங்காலம் டெலிவரி. அதே மேசையில் ஸ்குரூ டிரைவர், பாதி தின்ற தேங்காய் பன், நாலைந்து ரேம் துண்டுகள், யாருடையது என்றே தெரியாத ஒரு மூக்குக் கண்ணாடி. இவற்றுக்கு நடுவே அந்த லேப்டாப் முதல் தடவையாகக் கண்ணைத் திறக்கிறது.

கண்ணைத் திறந்ததுமே கேள்விகள். எந்த நாடு, எந்த மொழி, மின்னஞ்சல் கணக்கு உண்டா, இருக்கிற இடத்தைச் சொல்லலாமா, விளம்பரம் காட்டலாமா? சர்வீஸ் அண்ணன் ஒருவர் இருக்கிறார், முப்பதைத் தொட்டிருப்பார், அவர் விரல்கள் 'வேண்டாம், வேண்டாம், அப்புறம், வேண்டாம்' என்று தாவுகிற வேகத்தைப் பார்க்கவே இந்த அறைக்கு டிக்கெட் போடலாம். டெஸ்க்டாப் வந்தது. இன்னும் யாரும் எதையும் போடவில்லை. ஆனால் ஏற்கெனவே ஒரு கூட்டம் உட்கார்ந்திருக்கிறது. எட்ஜ் பிரவுசர். முப்பது நாள் ஓசி ஆன்டிவைரஸ். ஆபீஸ் தொகுப்பின் ட்ரயல். சீட்டு விளையாட்டு. லேப்டாப் கம்பெனியின் 'உதவியாளர்' என்று ஒன்று, அதை அப்டேட் செய்வதற்கு இன்னொன்று, வாரன்ட்டியை நினைவுபடுத்த மூன்றாவது ஒன்று.

"இதுல பாதி நாங் கேட்டதில்லைங், வாங்கறவரும் கேட்டதில்லைங்" என்றபடி ஒவ்வொன்றாக அன்இன்ஸ்டால் அடித்தார். போகும்போது சில மென்பொருள்கள் கேட்கும் கேள்வி இருக்கிறதே, ஐயோ! 'நிஜமாகவே போகச் சொல்கிறீர்களா? ஏன் என்று சொல்ல முடியுமா?' சர்வீஸ் அண்ணன் காரணம் கேட்கும் கட்டத்தில் எப்போதும் ஒரே எழுத்தைத் தட்டிவிட்டு நகர்கிறார். என்ன எழுத்து என்று பார்த்தேன். 'ஃ'. தமிழ் டைப்பிங்கை ஆன் செய்து வைத்திருந்தாராம்.

அடுத்தது பிரவுசர். உலகம் முழுக்க எல்லோரும் செய்கிற அந்த வேடிக்கையை நீங்களும் செய்திருப்பீர்கள்: எட்ஜைத் திறப்பது, அதில் குரோம் என்று தேடுவது, குரோமை இறக்குவது, எட்ஜை மூடுவது. குரோமை இறக்கப் போனால் எட்ஜ் குறுக்கே வந்து, 'நானும் அதே தொழில்நுட்பம்தான், கூடவே மைக்ரோசாஃப்டின் நம்பிக்கையும் உண்டு' என்கிற பாணியில் ஒரு பட்டியைக் காட்டிய காலம் ஒன்று உண்டு. சர்வீஸ் அண்ணனுக்கு அந்தப் பேச்சுவார்த்தைக்கெல்லாம் நேரமில்லை. மேசை டிராயரை இழுத்தார். உள்ளே பத்துப் பன்னிரண்டு பென் டிரைவ்கள், ஒவ்வொன்றிலும் பிளாஸ்திரி ஒட்டிப் பேனாவில் பெயர். 'டிரைவர்', 'பிரிண்டர்', 'டாலி', 'பிரவுசர் எல்லாம்'. சிவப்பு டேப் சுற்றிய ஒன்றும் கிடந்தது. அதை நான் உற்றுப் பார்ப்பதைப் பார்த்தவர், "அதப்பத்தி மட்டும் எழுதிறாதீங்ணா" என்று டிராயரைச் சட்டென்று சாத்தினார். எழுதவில்லை.

'பிரவுசர் எல்லாம்' உள்ளே போனது. ஒரு நிமிடத்தில் குரோம். அடுத்த நிமிடத்தில் பயர்பாக்ஸ். பிறகு 'இனிமேல் எதைத் தொட்டாலும் குரோமில்தான் திறக்க வேண்டும்' என்று செட்டிங்ஸில் ஒரு தட்டு. இந்த ஒரு தட்டும் சும்மா வந்ததல்ல. விண்டோஸ் 11 வந்த புதிதில், 2021இல், ஒவ்வொரு கோப்பு வகைக்கும் தனித்தனியாகப் போய் மாற்ற வேண்டியிருந்தது; ஊரே சத்தம் போட்ட பிறகு 2022இல்தான் ஒரே பொத்தான் வந்தது. "அந்த ஆறு மாசத்துல என் கட்டை விரலே தேஞ்சுபோச்சுங்" என்று காட்டினார். தேய்ந்த மாதிரி தெரியவில்லை. ஆனாலும் தலையாட்டி வைத்தேன்.

இந்தச் சண்டைக்கு வயது முப்பதுக்குப் பக்கம். அதில் எனக்கு ரொம்பப் பிடித்த கட்டம் ஒரு புல்வெளியில் நடக்கிறது. 1997 அக்டோபர். இன்டர்நெட் எக்ஸ்புளோரரின் நாலாம் பதிப்பை வெளியிட்ட குஷியில், மைக்ரோசாஃப்ட் ஆட்கள் அந்தப் பெரிய நீல எழுத்துச் சின்னத்தின் ராட்சத உருவத்தை ராத்திரியோடு ராத்திரியாகத் தூக்கிக்கொண்டு போய், கலிஃபோர்னியாவின் மவுன்டன் வியூவில் போட்டிக் கம்பெனியான நெட்ஸ்கேப்பின் வாசல் புல்வெளியில் நட்டுவிட்டு வந்தார்கள். காலையில் வேலைக்கு வந்த நெட்ஸ்கேப் ஆட்கள் சும்மா விடுவார்களா? அதைக் கீழே தள்ளி, தங்கள் டைனோசர் பொம்மையை அதன் மேல் ஏற்றி நிறுத்தி, கழுத்தில் ஒரு அட்டை மாட்டினார்கள்: 'நெட்ஸ்கேப் 72, மைக்ரோசாஃப்ட் 18'. அன்றைய சந்தைப் பங்கு அது.

டைனோசரின் சிரிப்பு நீடிக்கவில்லை. எக்ஸ்புளோரர் விண்டோஸோடு இலவசமாகவே வந்தது. பெட்டியைத் திறந்தால் உள்ளே உட்கார்ந்திருந்தது. இன்னொன்றைத் தேடிப் போய் டயல்அப் இணைப்பில் மணிக்கணக்காக இறக்க யாருக்குப் பொறுமை? 1998 மே மாதம் அமெரிக்க நீதித் துறையும் பல மாநிலங்களும் சேர்ந்து மைக்ரோசாஃப்ட் மேல் வழக்குப் போட்டன. பில் கேட்ஸின் வீடியோ வாக்குமூலம் நீதிமன்றத்தில் ஓடியபோது, ஒவ்வொரு கேள்விக்கும் அவர் சுற்றி வளைத்த விதத்தைப் பார்த்து நீதிபதி ஜாக்சனே சிரித்துவிட்டார். 2000 ஜூனில் அவர் கம்பெனியையே இரண்டாக உடைக்கச் சொன்னார். மேல்முறையீட்டில் அது அடுத்த ஆண்டே ரத்தாகி, சமரசத்தில் முடிந்தது. நெட்ஸ்கேப் அதற்குள் ஏஓஎல் கைக்குப் போய்விட்டிருந்தது.

இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது சர்வீஸ் அண்ணன் ஒரு கையால் பன்னைத் தின்றுகொண்டே இன்னொரு கையால் பிரிண்டர் டிரைவர் போட்டுக்கொண்டிருந்தார். ஐரோப்பாவில் 2010 மார்ச்சிலிருந்து விண்டோஸில் ஒரு தேர்வுத் திரை வந்தது, பன்னிரண்டு பிரவுசர்களை வரிசையாகக் காட்டி 'எது வேண்டும்?' என்று கேட்டது என்றேன். ஒரு அப்டேட்டில் அந்தத் திரையைக் காட்டாமல் விட்டதற்காக 2013இல் 56.1 கோடி யூரோ அபராதம் விழுந்தது என்பதையும் சேர்த்துக்கொண்டேன். தின்பதை நிறுத்தினார்.

"ஒரு திரை காட்டாததுக்கா?"

"ஆமா."

"இங்க நாந்தானுங்ணா அந்தத் திரை!"

அறையே சிரித்தது, புளோயர் தம்பியும் பஞ்சுத் தலையோடு எட்டிப் பார்த்துச் சிரித்தார். ஆனால் அதுதான் உண்மை. நம்மூர் கம்ப்யூட்டர்களில் அப்படியொரு திரை வரவில்லை. இங்கே சண்டை ஃபோனில்தான் நடந்தது. ஆண்ட்ராய்டு ஃபோனோடு தன் செயலிகளை மொத்தமாகக் கட்டி விற்கிறது, அதில் குரோமும் ஒன்று என்று இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் 2023 மார்ச்சில் அந்தத் தொகையை உறுதி செய்தது. சில உத்தரவுகளை மட்டும் தளர்த்தியது. இதற்கு நடுவே, 2023 ஜனவரியில், ஃபோன் கம்பெனிகள் கூகுள் செயலிகளைத் தனித்தனியாகவும் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம் என்று கூகுள் இறங்கி வந்தது.

கம்ப்யூட்டருக்கு? பல்லடம் சர்வீஸ் அண்ணன்தான் போட்டி ஆணையம். 'தேட ஆரம்பித்தால் முதலில் வருவது நம் தேடுபொறியாக இருக்கட்டும்' என்பதற்காக 2021இல் மட்டும் கூகுள் ஃபோன் கம்பெனிகளுக்கும் பிரவுசர் கம்பெனிகளுக்கும் 2,630 கோடி டாலர் கொடுத்திருக்கிறது என்று கூகுள் மேல் நடந்த அமெரிக்க வழக்கில் வெளியானது. ஏறக்குறைய 2 லட்சம் கோடி ரூபாய். அதே மாதிரி வேலையை இங்கே ஒரு நாளைக்கு நாலைந்து சிஸ்டத்துக்குச் செய்கிறவர் தன் பங்கைக் கேட்டார்: "ஒரு டீயாச்சும் வாங்கிக் குடுக்கச் சொல்லுங்ணா!"

எந்த பிரவுசரைப் போடுவது என்பதை அவர் எப்படி முடிவு செய்கிறார்? வாடிக்கையாளரிடம் கேட்கிறாரா? கேட்டாராம், தொழிலுக்கு வந்த புதிதில். "எந்த பிரவுசருங் வேணும்னா, 'அது என்ன ரேட்டு தம்பி'ங்கறாங்க. அப்புறமேட்டிக்குக் கேக்கறதையே விட்டுட்டன்." இங்கே யாரும் பிரவுசர் என்று சொல்வதில்லை. 'நெட்டு'. 'நெட்டு ஐகான் எங்க போச்சு?' அவ்வளவுதான். ஆகவே அவர் கேட்பது வேறு கேள்வி: "என்ன வேலைக்குங்?" ஆடிட்டர் ஆபீஸ் என்றால் மூன்று பிரவுசரும் வேண்டும் (ஏன் என்று கொஞ்ச நேரத்தில் நேரிலேயே பார்க்கப்போகிறோம்). பனியன் கம்பெனி என்றால் குரோமும் வாட்ஸப் வெப்பும். ஆர்டர், டிசைன், அளவு எல்லாம் அதில்தான் வருகிறது. கோழிப்பண்ணைக்காரருக்கு ரேட்டு ஃபோனிலேயே வந்துவிடும், கணக்குப் போட ஒன்று இருந்தால் போதும்.

தொல்லை பிடித்தவர்கள் டெண்டர் எடுக்கிற கான்ட்ராக்டர்கள். டிஜிட்டல் கையெழுத்துப் போட ஜாவா கேட்ட தளங்கள் நம் நாட்டில் ரொம்ப நாள் ஓடின. அந்தப் பழைய பாணி பிளக்இன்களைக் குரோம் 2015இல் கைவிட்டது. பயர்பாக்ஸ் 2017 மார்ச்சில். பிறகென்ன? உலகமே ஒதுக்கிய எக்ஸ்புளோரரைத் துடைத்து வைத்துக் கும்பிட வேண்டியதாயிற்று. அந்தக் காலத்துப் பயர்பாக்ஸ் ஒன்று, அந்தக் காலத்து ஜாவா ஒன்று, இரண்டையும் இன்னும் ஒரு பென் டிரைவில் பத்திரமாக வைத்திருக்கிறார். பிளாஸ்திரியில் பெயர்: 'தாத்தா'.

2022 ஜூன் 15ஆம் தேதி எக்ஸ்புளோரருக்கு மைக்ரோசாஃப்ட் விடை கொடுத்தது. பழைய தளங்களைத் திறக்க எட்ஜுக்குள்ளேயே ஒரு 'எக்ஸ்புளோரர் மோட்' வைத்திருக்கிறார்கள். 2029 வரைக்குமாவது இருக்கும் என்கிறார்கள். ஆனால் ஸ்பின்னிங் மில் ஒன்றின் கணக்குப்பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு? இருபது வருடமாக அவர் அமுக்கியது அந்த நீல எழுத்தைத்தான். ஒரு நாள் காலையில் அது மறைந்ததும் நேராகக் கடைக்கே வந்துவிட்டாராம். "என்ற நெட்டு போச்சு தம்பி." சர்வீஸ் அண்ணன் வாதாடவில்லை. குரோமின் ஷார்ட்கட்டை எடுத்து, அதற்குப் பழைய நீல எழுத்துப் படத்தை மாட்டி, அதே இடத்தில் வைத்தார். கணக்குப்பிள்ளை இன்றுவரை சந்தோஷமாக இருக்கிறார். சத்தம் போட்டுச் சிரித்துவிடாதீர்கள், முன்பக்க நாற்காலியில் இப்போது பில்லுக்குக் காத்திருப்பது அவரேதான்!

மேல் அடுக்கில் தூசி மூடிக் கிடக்கும் அந்தக் குட்டி லேப்டாப்பைக் கவனித்தீர்களா? மூடியில் 'அம்மா' படம். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வந்தது. ஆன் செய்தால் முதலில் ஒரு கருப்புத் திரை வந்து கேட்கும்: விண்டோஸா, பாஸா? பாஸ் என்பது சி-டாக் நிறுவனம் டெபியன் லினக்ஸை வைத்துச் செய்த நம்மூர் இயங்குதளம். யோசித்துப் பாருங்கள், ஐரோப்பாக்காரர்கள் பிரவுசருக்குத்தான் தேர்வு கேட்டார்கள். தமிழ்நாட்டு அரசோ இயங்குதளத்துக்கே தேர்வு வைத்துப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டது!

பிள்ளைகள் என்ன செய்தார்கள்? ஓடி வந்து இந்த மாதிரிக் கடைகளில் நின்றார்கள். 'அண்ணா, பாஸ எடுத்துட்டு கேம் போட்டுத் தாங்க.' கடைக்கார அண்ணன் அப்போது ஒரு லேப்டாப்புக்கு இருநூறு ரூபாய் வாங்கினாராம். அந்த வருடம் தீபாவளி அமோகம் என்றார். ஆனால் ஒரே ஒரு பையன் மட்டும் பாஸை எடுக்க வராமல், 'விண்டோஸ் போயிருச்சு, பாஸ் மட்டும் இருக்குது, அதுல பிரிண்டர் எப்படிண்ணா போடறது' என்று கேட்டு வந்தான். தெரியாமல் எதையோ அழித்துவிட்டு, ரெண்டு மாதம் அதிலேயே குடைந்திருக்கிறான். கடைக்காரருக்கும் பதில் தெரியவில்லை. ரெண்டு பேரும் சேர்ந்து ராத்திரி பத்து மணி வரை உட்கார்ந்து போட்டார்கள். அந்தப் பையன்தான் நம் சர்வீஸ் அண்ணன். அந்த அடுக்கில் கிடப்பது அவருடைய லேப்டாப். பேட்டரி உப்பிவிட்டது, கீபோர்டில் நாலு பொத்தான் இல்லை. வித்துவிடலாமே என்று புளோயர் தம்பி சீண்டினார். "உன்னைய வேணா விக்கறன்" என்று பதில் வந்தது.

ஃபோன் அடிக்கிறது. "அக்கா! இதோ வந்துட்டனுங்க்கா. அஞ்சு நிமிஷம்." பையைத் தூக்கினார், 'தாத்தா' பென் டிரைவும் பைக்குள் போனது. ஏறுங்கள் பைக்கில்! இன்றைக்குத் தேதி 20. மாதக் கணக்குக்காரர்கள் ஜிஎஸ்டி 3பி தாக்கல் செய்யக் கடைசி நாள். இந்த ஊரில் ஒரு வரி ஆலோசகர் ஆபீசை அதன் நிஜ முகத்தோடு பார்க்க இதைவிட நல்ல நாள் கிடையாது.

மாடிப்படி முழுக்கச் செருப்பு. மேலே மூன்று மேசை, நாலு பெண்கள், ஒரு ஏசி. ஏசி ஓடுகிறது, ஆனாலும் எல்லோர் நெற்றியிலும் வியர்வை. பில் கட்டுகள் ஜவுளிக்கடைப் பைகளில் ஜன்னல் வரை அடுக்கியிருக்கின்றன. அக்கா, இந்த ஆபீசின் சீனியர், ஒரு தோளில் ஃபோனை இடுக்கியபடி கத்திக்கொண்டிருக்கிறார்: "ஓடிபிங்க! ஓ...டி...பி! ஆறு நம்பர் வந்திருக்கும் பாருங்க! தறியக் கொஞ்சம் நிறுத்துங்க சார்!" எதிர்முனையில் தடக் தடக் தடக். ஒரு தறிக்குடோனின் முழுச் சத்தமும் அந்த ஃபோன் வழியாக ஆபீசுக்குள் வந்து நின்றது. ஆறு எண் வருவதற்குள் வெகுநேரம். அதற்குள் அந்த ஓடிபி செத்துப்போனது. மறுபடியும் முதலிலிருந்து.

இப்போது அந்தத் திரையைப் பாருங்கள், இதற்காகத்தான் உங்களைக் கூட்டி வந்தேன். ஒரே மானிட்டரில் குரோம், எட்ஜ், பயர்பாக்ஸ் மூன்றும் திறந்திருக்கின்றன! ஒரு பிரவுசரில் ஒரு கம்பெனி உள்ளே இருக்கும்போது, அதிலேயே இன்னொரு கம்பெனியைத் திறந்தால் முதலாமவர் வெளியே போய்விடுவார். ஆகவே குரோமில் சைசிங் மில், எட்ஜில் நிட்டிங், பயர்பாக்ஸில் முட்டை வியாபாரி. குரோமின் மறைவு ஜன்னலில் நாலாவதாக ஒரு டையிங். எது நல்ல பிரவுசர், எதில் அந்தரங்கம் பாதுகாப்பு என்று நாம் உட்கார்ந்து அலசுகிறோமே, இங்கே எல்லா பிரவுசரும் நல்ல பிரவுசர்தான். கூடுதலாக ஒன்று இருந்தால் கூடுதலாக ஒரு கிளையன்ட்!

"எனக்குக் கலர் வெச்சுத்தான் தெரியும்" என்றார் அக்கா. "இந்த நெருப்பு நரில எப்பவும் முட்டைக்காரருதான். மாத்துனா எனக்குக் கை ஓடாது." ஜிஎஸ்டி தளத்தின் அடியில் 'குரோம் 49, பயர்பாக்ஸ் 45, அதற்கு மேல்' என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கிறது என்று காட்டினேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். இத்தனை நாளும் அந்தத் தளத்திலேயே குடியிருக்கிறவர், அடிவரைக்கும் உருட்டிப் பார்க்க நேரம் கிடைத்ததே இல்லையாம்.

சர்வீஸ் அண்ணனை அழைத்த காரணம் மேசைக்கடியில் இருந்தது: ஒரு பிஸ்கட் டப்பா. திறந்தார்கள். உள்ளே கலர் கலராக டிஎஸ்சி என்கிற டிஜிட்டல் கையெழுத்து டோக்கன்கள், ஒவ்வொன்றிலும் நூல் கட்டி அட்டைத் துண்டில் ஒரு கம்பெனி பெயர். அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தால், பனியனில் தொங்குகிற விலை அட்டையின் பின்பக்கம்! கம்பெனிகளும் எல்எல்பிகளும் இந்தக் கையெழுத்து இல்லாமல் தாக்கல் செய்ய முடியாது. சிக்கல் என்னவென்றால், ஒவ்வொரு டோக்கனும் தனக்கென்று ஒரு மென்பொருளைச் சுமந்துகொண்டு வருகிறது. செருகியதும் 'என்னை இன்ஸ்டால் செய்' என்று எழுந்து நிற்கிறது. நாலு கம்பெனி டோக்கன், நாலு மென்பொருள், ஒன்று இருந்தால் இன்னொன்றுக்கு ஆகாது. இவற்றுக்கு மேலே எம்சைனர் என்று ஒன்று தனியாக ஓட வேண்டும். அது தூங்கிவிட்டால் கையெழுத்து விழாது.

சர்வீஸ் அண்ணன் மேசைக்கடியில் படுத்தேவிட்டார். அங்கிருந்து குரல் மட்டும் வருகிறது: "இப்பப் பாருங்க்கா." "வரலை." "இப்ப?" "வரலை தம்பி." "இப்ப?" ஒரு நிமிட மௌனம். "வந்துருச்சு வந்துருச்சு! எந்திரிக்காத, அப்படியே இரு!" அவர் கையால் ஒயரை அழுத்திப் பிடித்தபடியே கிடந்தார், மேலே அக்கா மூன்று கம்பெனிகளுக்குக் கையெழுத்துப் போட்டு முடித்தார். கோளாறு மென்பொருளில் அல்ல, யுஎஸ்பி ஒயரில்! அடியில் கிடந்தவருக்கு ஒரு பெண் குனிந்து முறுக்கு நீட்டினார். படுத்தபடியே வாங்கித் தின்றார்.

வெளியே வந்து டீ. பனியன் கம்பெனி முதலாளி ஒருவரும் அங்கே நின்றிருந்தார், பேச்சில் கலந்துகொண்டார். குரோம், எட்ஜ், பிரேவ் எல்லாமே ஒரே குரோமியம் அடித்தளத்தில் செய்தவை என்று சர்வீஸ் அண்ணன் விளக்கியதும், அவர் டீ கிளாஸை வைத்துவிட்டுச் சொன்னார்: "அட, நம்ம தொழில்தானுங்! ஒரே துணி, லேபிள் மட்டும் வேற வேற." எட்ஜ் 2020 ஜனவரியில்தான் அந்தத் துணிக்கு மாறியது. பயர்பாக்ஸ் மட்டும் இன்னும் தன் சொந்தத் தறியில் நெய்துகொண்டிருக்கிறது.

பேச்சு உடனே ஊர்ப் பெருமைக்குத் தாவியது. குரோமைக் கொண்டுவந்த குழுவை நடத்தியவர் மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை. 2008 செப்டம்பரில் அது வெளிவந்தது. இந்தப் பக்கம் ஸ்ரீதர் வேம்பு தென்காசிப் பக்கத்துக் கிராமத்தில் இருந்துகொண்டு நடத்திய ஸோஹோ, 2023இல் உலா என்ற பிரவுசரை விட்டது. மத்திய மின்னணு அமைச்சகம் நடத்திய உள்நாட்டு பிரவுசர் போட்டியில், 2025 மார்ச்சில் ஸோஹோவுக்கு முதல் பரிசு, ஒரு கோடி ரூபாய். உலாவும் அதே குரோமியம் துணிதான் என்பதைச் சர்வீஸ் அண்ணன் கொஞ்சம் தயங்கித்தான் சொன்னார். "அப்ப மதுரையா, தென்காசியா?" என்றார் முதலாளி. டீக்கடைக்காரர் தூத்துக்குடிக்காரர், "நமக்கு இதுல ஆளே இல்லையா?" என்று சலித்துக்கொண்டார். சர்வீஸ் அண்ணன் தன் சொந்த சிஸ்டத்தில் உலாவைப் போட்டு வைத்திருக்கிறார். வாடிக்கையாளர்களுக்குப் போடுவதில்லை. ஏன்? "புதுசா ஒரு ஐகான் இருந்தா ராத்திரி பதினோரு மணிக்கு ஃபோன் பண்ணுவாங்ணா."

எனக்கு அந்தப் பதில் ரொம்பப் பிடித்துவிட்டது. பெரிய பெரிய கம்பெனிகள் கோர்ட்டு ஏறிச் சண்டை போடும் ஒரு விஷயம், பல்லடத்தில் ஒரு மனிதரின் தூக்கத்தை வைத்துத் தீர்மானமாகிறது!

சாயங்காலம், அந்தப் புது லேப்டாப்போடு தறிக்குடோனுக்குப் போனோம். ஆபீஸ் என்பது தறிகளுக்குப் பக்கத்திலேயே ஒரு கண்ணாடித் தடுப்பு. முதலாளி கை கழுவிக்கொண்டு வந்தார், லேப்டாப்புக்குச் சந்தனப் பொட்டு வைத்தார், மாகாளியம்மன் படத்தை வால்பேப்பராகப் போடச் சொன்னார். போட்டாயிற்று. சர்வீஸ் அண்ணன் பெருமையாகத் திரையைக் காட்டினார்: சுத்தமான டெஸ்க்டாப், தேவையில்லாத ஒன்று கிடையாது, நடுவில் குரோம், பக்கத்தில் வாட்ஸப், கீழே டாலி. "எல்லாக் குப்பையையும் எடுத்துட்டனுங்."

சொல்லி வாய் மூடவில்லை, வலது மூலையில் டிங் என்று ஒரு பெட்டி எழுந்தது. காலையில் விரட்டிய அந்த ஆன்டிவைரஸ்! எங்கேயோ ஒரு மிச்சம் ஒளிந்திருந்திருக்கிறது. 'முப்பது நாள் இலவசம், இப்போதே தொடங்குங்கள்.' சர்வீஸ் அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு மவுஸைப் பிடித்தார். முதலாளி அவர் கையைத் தடுத்தார்.

"இரு கண்ணு. அது ஓசிதான?"

"ஓசிதானுங், ஆனா..."

"அப்ப எதுக்கு எடுக்கற? அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகுது, விடு."